அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பட்டை

என் 1.4 மீட்டர் ரேடியோ கண்ட்ரோல் பயிற்சி விமானம் கடந்த ஞாயிறன்று நான்கு முறை பறந்து, நான்கு முறையும் சேதமில்லாமல் இறங்கியது. தொலைவில் வளையும்போது தெரிவது மேல்பக்கமா அடிப்பக்கமா என்று புரியாமல் இதே விமானத்தை இரண்டு மாதங்களுக்கு முன் ஏரிக்குள் விழவிட்டேன். ஆகவே, இந்த வெற்றி முழுவதும் புதிய வண்ணப்பூச்சுக்கே உரியது.

அப்போது மேலும் கீழும் ஒளிரும் ஆரஞ்சு அடித்திருந்தேன். கையில் இருக்கும்போது கண்ணைப் பறித்த அந்த நிறம், வானில் ஏறியதும் வெறும் நிழலாகிவிட்டது. ஒளிரும் நிறமி புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவது. நேர்வெயில் படாத அடிப்பக்கத்தில் அதற்கு வேலை குறைவு. வெளிறிய வானத்தின் முன்னே நிறத்தைவிட இருளும் வெளிச்சமும் மோதும் இடமே கண்ணில் படுகிறது. பிரிட்டனின் விமானப்படை 1990களில் தன் ஹாக் பயிற்சி விமானங்களைப் பளபளக்கும் கறுப்புக்கு மாற்றியதும் எளிதில் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது மேலே ஆரஞ்சு, கீழே வெள்ளையில் எட்டு சென்டிமீட்டர் அகலக் கறுப்புப் பட்டைகள். இந்தப் பட்டையின் ஓரத்தை நேராக்குவதற்குள் மூன்று மாலைகள் போயின. மாஸ்கிங் டேப்புக்கு அடியில் கறுப்பு கசிந்து, ஓரம் ரம்பப் பல்லாக வந்தது. டேப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தபின், முதலில் அதன் ஓரத்தில் அடிநிறமான வெள்ளையையே மெல்லியதாக ஒருமுறை அடித்து உலரவிட்டேன். கசிய வேண்டியது வெள்ளையாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடுவதால், அதன்மேல் அடித்த கறுப்பு உள்ளே புகவில்லை. கறுப்பு முழுதாகக் காயுமுன் டேப்பை மடக்கிப் பின்னோக்கி இழுத்தபோது, பிளேடால் வெட்டியது போன்ற கோடு கிடைத்தது.

ஹார்டுவேர் கடையில் வாங்கிய டேப் வெள்ளையையும் சேர்த்து உரித்துவிட்டது. கார் பெயிண்ட் பட்டறைக்காரர்கள் வாங்கும் டேப் விலை கூடுதல்தான், ஆனால் இதுபோன்ற ஃபோம் விமானத்துக்கு அதையே வாங்குங்கள்.

ஆரஞ்சு வெயிலில் வெளுக்கும் என்ற கவலை இன்னும் தீரவில்லை. புற ஊதாவைத் தடுக்கும் வார்னிஷ் பூசினால் ஒளிர்வும் மங்கும் என்பதால், ஆண்டுக்கொருமுறை மறுபூச்சு அடிப்பதே மேல் என்று முடிவுசெய்திருக்கிறேன். அடுத்து வரும் பால்சா என்ற இலேசான மரத்தாலான விமானத்துக்கு, பூச்சுக்குப் பதில் வண்ண பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டும்போதும் இதே பட்டைகள்தான். இதற்கிடையே இந்தப் பயிற்சி விமானத்தின் வால் இன்னும் பழைய ஆரஞ்சிலேயே இருக்கிறது. அதன் அடிப்பக்கத்துக்கு இன்று டேப் ஒட்டியிருக்கிறேன்.