நான்கு பெயர் பெற்ற பங்கசு

ஜனவரி 10
மழை விட்டு இரண்டு நாள். திருகோணமலை உவர்மலையில் வேலியோரம் தழைத்திருந்த அறுகை வேரோடு பிடுங்கி உயர்தர உயிரியல் வகுப்புக்குக் கொண்டுபோனேன். தண்டைத் தழுவி நிற்கும் இலைமடலின் உட்தோலை நகத்தால் மெல்ல உரித்து, வழுக்கியில் பரப்பி, நீலச் சாயம் ஒரு துளி விட்டோம். நுணுக்குக்காட்டியில் செங்கல் அடுக்கியதுபோல் கலங்கள் மட்டுமே தெரிந்தன. எபிக்குளோயி என்னும் பங்கசு (பூஞ்சை) குளிர்நாட்டுப் புற்களில் வாழ்வது. அறுகில் அது அகப்படாது. ஆனால் எங்கே தேடுவது என்று பிள்ளைகள் கண்ணால் காணவேண்டும்: கலங்களுக்குள்ளே அல்ல, அவற்றின் இடுக்கில், புல்லின் நீளவாக்கில்தான் அதன் இழை ஓடும்.

ஜனவரி 11
இன்று உயிரினப் பாகுபாடு. அமெரிக்காவில் ஃபெஸ்கியூ என்னும் குளிர்நாட்டுப் புல் மேய்ந்த மாடுகள் மெலிந்தன. குளிர்காலத்தில் குளம்பும் வால்நுனியும் அழுகின. புல்லோ பச்சைப்பசேலென்று நின்றது. 1977இல் பேக்கனும் அவருடன் ஆய்ந்தவர்களும் அதற்குள் ஒரு பங்கசைக் கண்டு, எபிக்குளோயி டைபினா என்றார்கள். 1982இல் அது அக்கிரிமோனியம் சீனோபியாலம் ஆயிற்று. 1996இல் நியோடைபோடியம். 2014இல் எபிக்குளோயி சீனோபியாலா.

இத்தனை அலைச்சலுக்கும் காரணம், அது இலிங்கமுறையில் பெருகுவதே இல்லை. தாய்ப்புல்லின் வித்தில் ஏறி அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. அத்தகைய பங்கசுகளுக்குத் தனிச் சாதிப்பெயர் (பெயரின் முதற்சொல்) வைக்கப் பழைய விதி இடம் கொடுத்தது. சொந்தக்காரர்கள் ஒரு வீட்டில், இது வேறு வீட்டில். 2011இல் மெல்பேர்னில் கூடிய தாவரவியல் மாநாடு அந்த விதியை எடுத்துவிட்டது.

ஜனவரி 17
பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் கடைசி வாங்குப் பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், முதலில் வைத்த சாதிப்பெயரே சரியென்றால், இடையில் வந்தவர்கள் பிழை விட்டார்களா?"

விடவில்லை. அது டைபினா அல்ல, தனி இனம் என்று காட்டியவர்கள் அவர்களே. மூன்று மூதாதை இனங்கள் கலந்து பிறந்த கலப்பினம் அது. டைபினாவின் வழியும் அதில் உண்டு என்பது மரபணுவைப் படித்த பிறகே வெளிச்சமாயிற்று. கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பாடநேரம் முடிந்தும் பேசிக்கொண்டிருந்தோம். 1980களில் பங்கசு நீக்கிய வித்தை விதைத்தார்கள். மாடுகள் தேறின, புல்லோ வறட்சிக்கும் பூச்சிக்கும் தாக்குப்பிடிக்கவில்லை என்றேன். அவள் கொப்பியில் 'நஞ்சு' என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் 'காவல்' என்று சேர்த்தாள்.

மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் புள்ளிமான்கள் புல்லை அடியோடு கடித்துக்கொண்டிருந்தன. இலைமடல் இருக்கும் இடம்.