எது முதலில்

நவம்பர் 14, செவ்வாய்

போன் வரவில்லை.

நவம்பர் 15, புதன்

ஹெல்சிங்கியில் மூன்றே முக்காலுக்கே இருட்டிவிட்டது. இவர் தூங்குகிறார். தலைமாட்டில் ஃபின்லாந்துக் கிரேக்க அறிஞர் தெஸ்லெஃபின் புத்தகம், நடுவில் காலி மாத்திரை அட்டை செருகியபடி. எடுத்துவந்து சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். 1954இல் ஹோல்கர் தெஸ்லெஃப் முனைவர் பட்டம் வாங்கியது, பழங்கால கிரேக்கர்கள் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல என்னென்ன செய்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கு. நம் 'ரொம்ப', 'படு', 'மகா' வகையறா. அதற்கே ஒரு முழுப் புத்தகம். பொறுமைசாலிதான்.

நவம்பர் 17, வெள்ளி

இன்று வேறு டாக்டர், சின்னப் பெண். கேள்வி மட்டும் அதேதான். இருமல் முதலில் வந்ததா, எடை குறைந்தது முதலிலா, ராத்திரி வியர்வை எப்போதிலிருந்து? இவர் ஒரு வரிசை சொன்னார். நான் வேறொன்று சொன்னேன். அந்தப் பெண் இரண்டையும் தட்டச்சு செய்துகொண்டாள். டிராமில் இரண்டு பேரும் பேசவில்லை.

நவம்பர் 18

ஜூலையில் இருமல் இருந்தது. ஏரிக்கரைக் குடிலில் ராத்திரி முழுக்க இருமினார்.

நவம்பர் 19, ஞாயிறு

பிளேட்டோ தன் உரையாடல்களில் எதை முதலில் எழுதினார், எதைக் கடைசியில் எழுதினார்? 1792இல் ஜெர்மன் அறிஞர் டென்னமான் தொடங்கிவைத்தது, ஆளாளுக்கு ஒரு பட்டியல். தெஸ்லெஃப் 1982இல் வெளியிட்ட நூலில் அவற்றையெல்லாம் அடுக்கிக் காட்டுகிறார்: 132. படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது. இன்னொரு ஜெர்மன்காரர் ஷ்லையர்மாஹர் 'ஃபைட்ரஸ்' என்ற உரையாடலை முதல் நூல் என்கிறார், பின்னால் வந்தவர்கள் அதைத் தூக்கி நடுவிலோ கடைசிப் பக்கமோ வைக்கிறார்கள். எல்லோரும் படித்தது ஒரே கிரேக்கம்.

தெஸ்லெஃப் சொல்வது வேறு. ஒரு நூலை எழுதி முடித்து, மூடி வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போன மனிதர் இல்லை பிளேட்டோ. தன் வட்டத்துக்குள் வாசித்துக் காட்டினார், திருத்தினார், பல வருஷம் கழித்து மறுபடி எடுத்தார். மாணவர்கள் கையும் பட்டிருக்கலாம். எண்பது வயதிலும் அவர் தன் உரையாடல்களைச் சீவிச் சுருட்டிப் பின்னிக்கொண்டே இருந்தார் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் டயோனிசியஸ் எழுதியிருக்கிறார். செத்த பிறகு கிடைத்த பலகையில் அவருடைய 'குடியரசு' நூலின் முதல் வரி மட்டும்: 'நேற்று பிரேயஸுக்கு இறங்கிப் போனேன், அரிஸ்டனின் மகன் கிளாக்கனோடு.' அதே சொற்களை விதவிதமாக மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

அப்படியானால் எது முதலில் என்ற கேள்வியே ஆட்டம் காண்கிறது. சரி, பிளேட்டோவுக்கு அது போதும். எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் வந்தது என்று நான் சொன்னால் அந்தப் பெண் எந்தக் கட்டத்தில் அதைத் தட்டுவாள்?

நவம்பர் 21

அத்தை போன். "என்னம்மா சொன்னாங்க?" "இன்னும் ஒண்ணும் சொல்லலை அத்தை." அப்புறம் இரண்டு பேரும் குளிரைப் பற்றிப் பேசினோம்.

நவம்பர் 23, வியாழன்

இன்று தெம்பு. கஞ்சியை முழுக்கக் குடித்தார். உட்கார்ந்து கதை வேறு சொன்னார். தெஸ்லெஃப் பேராசிரியர் ஆவதற்கு முன்னால் கடலில் இருந்தவராம். 1949இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தானியம் ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவின் தென்கோடி ஹார்ன் முனையைச் சுற்றி இங்கிலாந்துக்கு வந்த கடைசிப் பாய்மரக் கப்பல் பந்தயம். இரண்டே கப்பல்கள், பஸாட், பாமிர். பஸாட்டுக்கு 110 நாள், பாமிருக்கு 128. அந்தப் பயணத்தை அவர் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 1957இல் பாமிர் அட்லாண்டிக்கில் மூழ்கியது, 86 பேரில் 6 பேர்தான் பிழைத்தார்கள். பாய் எவ்வளவு உயரம் என்று காட்ட இவர் கையைத் தூக்கினார். சட்டைக்கைக்குள் முழங்கைக்கு மேல் ஒன்றுமே இல்லை.

நவம்பர் 25

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருக்கிறது. மூன்று பக்கம், ஒன்றும் சொல்லவில்லை. பிளேட்டோவின் நடையைத் தெஸ்லெஃப் பத்து வகையாகப் பிரிக்கிறார்: பேச்சு நடை, புராணம் சொல்லும் நடை, சட்ட நடை, இப்படி. இந்தக் கடிதத்துக்குப் பதினொன்றாவது வகை ஒன்று வேண்டும்.

நவம்பர் 26, ஞாயிறு

கி.மு. 392 வாக்கில் அரிஸ்டோபனீஸ் ஒரு நாடகம் போடுகிறார். பெண்கள் ஆட்சியைப் பிடித்துச் சொத்தையெல்லாம் பொதுவாக்குகிறார்கள். குடியரசின் ஐந்தாம் பகுதியிலும் கிட்டத்தட்ட அதே யோசனை. ஆனால் இன்று நம் கையில் இருக்கும் குடியரசு அதற்குப் பல வருஷம் பிந்தியது. அதனால், முன்னாலேயே ஒரு சின்னக் குடியரசு ஏதென்ஸில் உலவியிருக்க வேண்டும், நாடகம் அதைத்தான் கிண்டல் செய்கிறது என்கிறார் தெஸ்லெஃப். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

போனில் பழைய படங்களைத் தேடினேன். ஜூன் மாதப் படத்திலேயே காலர் தொங்குகிறது. ஆனால் அந்தச் சட்டை வாங்கும்போதே தொளதொளப்பு. மே மாதத்தில் கழுத்துத் துண்டு. ஏப்ரலில் கோட்டு. இந்த ஊரில் மனிதனின் கழுத்தைப் பார்க்கவே மூன்று மாதம்தான்.

நவம்பர் 28

போன் அடித்தது. மின்சார ஒப்பந்தம் மாற்றிக்கொள்கிறீர்களா என்றான். கத்திவிட்டேன்.

நவம்பர் 29

பிளேட்டோவுக்கு இரண்டு உலகம் கிடையாது, ஒரே உலகத்தில் மேல்தளம், கீழ்த்தளம், கீழே இருப்பது மேலே இருப்பதற்கு எதிரி அல்ல. தெஸ்லெஃப் 1999இல் வெளியிட்ட நூலில் சொல்வது இது, எழுபத்தைந்தை நெருங்கும்போது. இவர் ஓரத்தில் பென்சிலால் 'சரி, ஆனால்?' என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை.

நவம்பர் 30, வியாழன்

நாளை 10.15க்கு வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டுமாம். போனில் எதுவும் சொல்ல மாட்டார்களாம். சாப்பிட்டதும் இவர் ஒரு தாளைக் கொடுத்து, எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதிவிடு, முதுகுவலியையும் சேர்த்து என்றார்.

என்ன முதுகுவலி?