பிரசவத்துக்குப் பிறகும் ஒரு சர்க்கரைப் பரிசோதனை உண்டு

கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது எனக்குச் சர்க்கரை இல்லை. ஆறாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை; குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள்.

அளவு 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு 168.

"நம் வீட்டில் யாருக்கும் கிடையாதே" என்றார் அத்தை. பரம்பரையில் இல்லாவிட்டாலும் வரலாம் என்று செவிலியர் விளக்கினார். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை முழுமையாக வேலை செய்ய விடுவதில்லை. தாயின் ரத்தத்தில் கூடும் சர்க்கரை குழந்தைக்குப் போய்ச் சேரும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கும், குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். இதைக் கேட்ட பிறகு உணவுக் கட்டுப்பாடு எனக்குத் தண்டனையாகத் தோன்றவில்லை.

சோற்றைக் குறைத்துக் கீரையும் சுண்டலும் கூட்டினேன். மூன்று வேளைச் சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் சாப்பிட்டேன். வளைகாப்பில் கலவை சாதங்களுக்கு நடுவே தயிர் சாதம் மட்டும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டேன். அப்படியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே வரவில்லை. இன்சுலின் எழுதினார் மருத்துவர். "ஊசி தொடங்கினால் ஆயுளுக்கும் விடாது" என்று உறவினர்கள் பயந்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரையைப் பொறுத்தவரை இது வெறும் பயம். பெரும்பாலும் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். கவனம் வேண்டியது வேறு இடத்தில். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்துக் குப்பிக்கு அதற்கென்றே உள்ள சிவப்பு மூடி ஊசியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஊசி மாறினால் அளவும் மாறிவிடும்.

மகள் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார்கள். அவள் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. எனக்கும் ஊசி நின்றது. அத்தோடு வீட்டில் எல்லாரும் அதை மறந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து மீண்டும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை உண்டு. இம்முறை வெறும் வயிற்றில். பச்சை உடம்பு, கைக்குழந்தை, இரண்டு மணி நேரக் காத்திருப்பு, "பிள்ளை பிறந்ததும் போய்விட்டதே, இன்னும் எதற்கு?" என்ற கேள்வி வேறு. பல தாய்மார்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கர்ப்பம் அதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிறது.

அத்தை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருந்தார். இடையில் பால் கொடுத்தேன். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த முடிவு 126, சரியான அளவுதான். 140க்கும் 199க்கும் இடையே இருந்திருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 200ஐத் தொட்டால் சர்க்கரை நோயேதான்.

இனி ஆண்டுதோறும் பரிசோதனை. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது கருத்தரிக்கும் முன்பே ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் தாய்-சேய் நல அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.