பக்கவாட்டுப் படம்

நவம்பர் 2

மின்சாரம் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பியதும் விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். நள்ளிரவு கடந்தும் நிறுத்த முடியவில்லை. கிழக்கு மாகாணம் என்று தெரிவு செய்தால் கிற்றார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வருகின்றன. இலங்கை முழுவதும் என்று மாற்றினால் நுகேகொடையும் நீர்கொழும்பும் திரையை நிறைத்துவிடுகின்றன. எங்கிருந்து விற்றாலும் எல்லோரும் கட்டிலின் மேல் மல்லாத்தி வைத்துத்தான் படம் எடுக்கிறார்கள்.

நவம்பர் 3

வாழைச்சேனையிலிருந்து ஒரு விளம்பரம், “யமஹா எஃப்310, புதியது போன்றது” என்கிறது. படத்தில் இருப்பதோ சி40 என்ற நைலோன் கம்பிக் கிற்றார். தலைப்பகுதியில் நீளமான இரண்டு துளைகள் இருக்கின்றன. கழுத்து உடலோடு சேரும் இடம் பன்னிரண்டாவது பிரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவது. எஃப்310 என்றால் பதினான்காவது பிரெட்டில் சேர்ந்திருக்கும், கம்பிகளை உடலோடு பிடித்துவைக்கும் பிரிட்ஜில் ஆறு முளைகளும் தெரியும். பெயர் மாறியதைக்கூட மன்னிக்கலாம், ஆனால் நைலோன் கம்பிக்கென்று செய்த அந்த உடலில் இரும்புக் கம்பிகளைப் பூட்டியிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கம்பிகளின் நுனியிலுள்ள பித்தளைக் குண்டுகள் பிரிட்ஜின் பின்புறம் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நைலோன் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவையைத் தரும். மெல்லிய இரும்புக் கம்பித் தொகுதியே 70 கிலோவைத் தொட்டுவிடும். “அப்பதான் அண்ணன் சத்தம் கூட வரும்” என்று விற்பவர் பதில் எழுதினார்.

நவம்பர் 5

மோதிர விரலும் சின்ன விரலும் இன்று காலையும் மரத்தே இருந்தன.

நவம்பர் 6

பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேலே தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத் தவிர வேறெதையும் நான் இப்போது யோசிப்பதில்லை. இரண்டரை மில்லிமீற்றர் என்றால் சமாளிக்கலாம். நான்கு என்றால் நல்ல விரலே ஒரு மணி நேரத்தில் களைத்துப்போகும்; என் விரல்களின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. இதை அறிவதற்கு விற்பவர் கிற்றாரைப் பக்கவாட்டில் திருப்பி, கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் ஓர் அடிமட்டத்தை வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். கேட்டால் முன்புறப் படத்தையே இன்னும் தெளிவாக எடுத்து அனுப்புகிறார்கள். ஒருவர் உறையின் படத்தை அனுப்பினார், இன்னொருவர் தாமே கிற்றாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பினார்.

நைலோன் கம்பியை அழுத்துவது இலகு என்பது உண்மைதான். ஆனால் சி40இன் கழுத்து அகலமானது; அதில் சின்ன விரல் இன்னும் தூரம் போக வேண்டும்.

நவம்பர் 9

இன்று சிரித்தேன். கொழும்பில் ஒருவர் கிப்சன் லெஸ் போல் ஒன்றை 45,000 ரூபாய்க்கு விற்கிறார்; அதன் புதிய ஸ்டாண்டர்ட் வகைக்கு அமெரிக்காவிலேயே 2,000 டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும். தலைப்பகுதியிலுள்ள மணி வடிவ மூடியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். கிப்சன் அதை இரண்டு திருகாணிகளால் பூட்டும், இதில் மூன்று இருந்தன. அந்த விளம்பரத்தின் கீழே “அவசர விற்பனை, வெளிநாடு செல்கிறேன்” என்று எழுதியிருந்தது. இந்த நாட்டில் கிற்றார் விற்கும் அனைவருமே வெளிநாடு செல்கிறார்கள் போலும்.

நவம்பர் 12

கல்முனையில் ஒரு நானா எஃப்310 ஒன்றுக்கு 34,000 கேட்கிறார். மகளுக்காக வாங்கியதாம், மகள் கம்பஸுக்குப் போய்விட்டாராம். குரல்பதிவில் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்பினார். தடித்த கம்பியின் சுரம் 82 ஹேர்ட்ஸ். கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி அதைச் சரியாகத் தராது என்பதால் இயர்போனை மாட்டிக் கேட்டேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டுப் படம் கேட்டேன்.

நவம்பர் 13

படம் வந்தது. முன்புறப் படம்.

நவம்பர் 14

மட்டக்களப்பு டச்பாரில் மரவேலை செய்யும் பறங்கி அங்கிளிடம் போனேன். அவர்களுடைய திருமண வீடுகளில் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசித்த வயலின்களும் கிற்றார்களும் உடைந்தால் இன்றும் அவருடைய மேசைக்குத்தான் வருகின்றன. எஃப்310 என்றதும் தலையசைத்தார். அதன் முகப்பலகை ஒட்டுப்பலகை. 2016இல் வந்த எஃப்ஜி800இல் இருப்பது ஒற்றைப் பலகை, ஒலியில் அதுவே மேல். ஆயினும் கிற்றார் செய்பவர்கள் 45 முதல் 55 வீதம் ஈரப்பதத்தை விரும்புகிறார்கள். மாரியில் வாவிக்கரை வீடுகளில் அது 80ஐத் தாண்டி நிற்கிறது. ஒற்றைப் பலகை அந்த ஈரத்தைக் குடித்து வயிறு போல் உப்பும், பிரிட்ஜ் உயரும், கம்பியும் உயரும். ஆகவே இந்த ஊருக்கு மலிவான பலகைதான் புத்திசாலி என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கும் அதில் மறுப்பில்லை, இசைக்கடைக்காரர்கள் இதை ஒருபோதும் சொல்லமாட்டார்கள் என்றாலும்.

கையை ஏன் உதறிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டார். குளிர் என்றேன்.

நவம்பர் 17

கடிதம் இன்னும் வரவில்லை.

நவம்பர் 18

வந்தது. நரம்புப் பரிசோதனை 24ஆம் திகதி காலை. அதற்கு முன் வாங்குவதா, பின் வாங்குவதா என்று இரவு முழுவதும் புரண்டேன். பின் என்றால் வாங்கவே மாட்டேன் என்று தோன்றுகிறது.

நவம்பர் 20

கல்முனைக்குப் பஸ் ஏறினேன். களுவாஞ்சிகுடிக்கு அப்பால் மழை வெளுத்து வாங்கியது. நானா தேநீர் தந்த பின்னர்தான் கிற்றாரைக் கையில் தந்தார்.

டியூனிங் கீகளில் உப்புக்காற்று ஏறிப் பச்சை பூத்திருந்தது, அது பெரிதல்ல. முதல் பிரெட்டையும் பதினான்காவதையும் ஒருசேர அழுத்தி, நடுவில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். கழுத்து ஏறக்குறைய நேராகவே இருந்தது. பன்னிரண்டாவது பிரெட்டில் அடிமட்டத்தை வைத்தபோது நான்கு மில்லிமீற்றர் காட்டியது. கழுத்து நேராக இருந்தும் கம்பி இவ்வளவு உயர்ந்திருந்தால் குற்றம் பிரிட்ஜ் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து அதன் பின்விளிம்பில் செருகிப் பார்த்தேன். நுழைந்தது. இடமிருந்து வலமாக இழுத்தேன். பாதித் தூரம் வரை தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தது. நானா குனிந்து பார்த்து, “அல்லாஹ், இது எப்ப கிளம்பின தம்பி?” என்றார். அவருக்குத் தெரியாது என்றே நம்புகிறேன்.

சி மேஜர் பிடித்தேன். அதற்கு மோதிர விரல் வேண்டும். அழுத்தினேன் என்று கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. ஆனால் சுரம் ஒலித்தது.

நவம்பர் 21

நானா 22,000க்கு இறங்கியிருக்கிறார். அங்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, பிரிட்ஜை முழுவதும் கழற்றி, பழைய ஒட்டைச் சுரண்டி, புதிதாக ஒட்டி ஒரு நாள் இறுக்கி வைத்தால் சரியாகும் என்றார். ஆனால் மழை விட்ட பின்தான் கை வைப்பாராம்.

நவம்பர் 23

நாளை எட்டு மணிக்கு கிளினிக். வேறொருவர் விலை கேட்டிருப்பதாக நானா செய்தி அனுப்பியிருக்கிறார். 20,000 என்று எழுதி அனுப்பினேன்; பார்த்துவிட்டார், பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.