கழுத்து எழும்பவில்லை

பெரம்பலூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை என்றால் பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு மயங்கி வருகிறவர்கள் எங்கள் ஐசியூவில் உண்டு. அன்று வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகியிருக்கிறது. நனைந்த சட்டையோடே சாயங்காலம் வரை அடித்திருக்கிறார். கிட்டே போனதுமே பூண்டு வாடை. கண்மணி குண்டூசி முனை அளவு, வாயில் நுரை, நாடி 48.

சட்டையை வெட்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினோம். (துவைத்துக்கொள்கிறேன், கொடுங்கள் என்று அவர் மனைவி கேட்டார். புதுச் சட்டையாம்.)

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து அட்ரோபின் ஊசி. ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம்தான். மூன்றில் ஆரம்பித்தோம். 5 நிமிடம் பார்ப்பது, கேட்கவில்லை என்றால் இரட்டிப்பு: 6, 12, 24. உடைத்து உடைத்துக் கட்டைவிரல் எரியும். நெஞ்சில் கரகரப்பு நின்று, நாடி 80ஐத் தாண்டும் வரை விடக்கூடாது. புதிதாக வரும் பிள்ளைகள் கண்மணியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அக்குளில் கை வைத்துப் பார், காய்ந்திருக்கிறதா என்பேன்.

இரண்டாம் நாள் கஞ்சி குடித்தார். "எப்ப சிஸ்டர் வீட்டுக்கு விடுவீங்க? மாடு தனியா நிக்குது."

டியூட்டி ஏற்றதும் நான் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, கையை ஊனாம தலையை மட்டும் தூக்குங்க." மூன்றாம் நாள் காலையில் தூக்கினார். மாலையில் முகம் சிவக்க முயன்றும் தலையணையை விட்டு எழும்பவில்லை. "கழுத்துப் பிடிச்சிருக்கும்மா" என்று சிரித்தார். மானிட்டரில் ஆக்சிஜன் 96. அதை நம்பவில்லை, டாக்டரைக் கூப்பிட்டேன்.

1987இல் இலங்கையின் பேராதனை மருத்துவர்கள் இருவர் எழுதியது இதைத்தான். முதல் விஷம் தெளிந்தபின், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளரும். அதற்கு அட்ரோபின் கேட்காது. தசை திரும்பும் வரை வென்டிலேட்டர்தான். அன்றிரவே மூச்சு மேலோட்டமாகி, குழாய் போட்டார்கள்.

"நல்லாப் பேசிட்டிருந்த ஆளுக்கு எதுக்கு இது?" மனைவி கேட்ட கேள்வி நியாயமானது. மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, அதையேதான் திரும்பக் கேட்டார்.

ஒன்பது நாள். பத்தாம் நாள் காலை நான் கேட்பதற்கு முன்பே தலையைத் தூக்கிக் காட்டினார். வாயில் குழாய் இருந்ததால் இரண்டு விரலை நெற்றியில் கொம்பு மாதிரி வைத்தார்.

பக்கத்து வீட்டில் கறந்துகொள்கிறார்கள் என்றேன்.