கடன் கேட்கப்படும் பீரியட்

தேர்வு நெருங்கினால் தொடக்கப் பள்ளியின் கால அட்டவணையிலிருந்து முதலில் காணாமல் போவது விளையாட்டு பீரியட். அடுத்தது ஓவியம், அதற்கடுத்தது பாட்டு. "இன்றைக்கு மட்டும் கொடுங்கள், கணக்கை முடித்துவிடுகிறேன்" என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். உடற்கல்வி ஆசிரியரும் முகம் கோணாமல் கொடுத்துவிடுவார். அவர் போய்க் கணக்கு பீரியடைக் கடன் கேட்டதை நான் பார்த்ததே இல்லை. குழந்தையின் முழு வளர்ச்சி பற்றி நாங்கள் மேடையில் பேசுவது ஒன்று, உள்ளூர நம்புவது வேறொன்று என்பதற்கு இந்த ஒருவழிக் கடனே போதுமான சாட்சி.

கொள்கையளவில் யாரும் மறுப்பதில்லை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில், குழந்தையின் ஆளுமையையும் திறமைகளையும் மன, உடல் ஆற்றல்களையும் முழு அளவுக்கு வளர்ப்பது கல்வியின் நோக்கம் என்று 29-ஆவது பிரிவு சொல்கிறது. 31-ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் கலையையும் குழந்தையின் உரிமைகளாகவே வைக்கிறது. அதற்கெல்லாம் வெகு முன்பே தலையும் இதயமும் கையும் சேர்ந்து வளர வேண்டும் என்று சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோசி வாதாடினார். அவருடைய பள்ளியில் சில காலம் இருந்து கற்ற, மழலையர் பள்ளி முறையின் முன்னோடியான ஃப்ரோபெல், 1837-இல் ஜெர்மனியில் தாம் தொடங்கிய நிலையத்தில் சின்னக் குழந்தைகளின் கையில் பந்தையும் மரக்கட்டைகளையும் கொடுத்தார். ஆக, இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. புதிதாகச் சொல்வதுபோல அவ்வப்போது எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பில் நீளம் அளத்தல் வரும்போது நான் உடனே அளவுகோலை எடுப்பதில்லை. குதிகாலை விரல் நுனியில் ஒட்டி வைத்து, வகுப்பறையின் நீளத்தைக் காலடியால் அளக்கச் சொல்வேன். ஒருவன் முப்பது என்பான், இன்னொருத்தி முப்பத்து நான்கு என்பாள். உடனே சண்டை. "நீ இடைவெளி விட்டுவிட்டு வைத்தாய்" என்று அவள்மேல் பழி வரும். அவள் எல்லோர் முன்னிலையிலும் மறுபடி அளப்பாள், அதே முப்பத்து நான்கு வரும். நான் வாயைத் திறப்பதில்லை. உண்மையில் இந்தப் பாடத்தில் எனக்குக் கடினமான வேலை அதுதான். கொஞ்ச நேரத்தில் யாராவது இருவர் உட்கார்ந்து பாதங்களை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். "டீச்சர், ஒரே ஆளின் காலை வைத்து எல்லோரும் அளந்தால் என்ன?" என்ற கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். யாருடைய கால் என்பதற்கு ஒரு தனிப் பஞ்சாயத்து நடக்கும். அதன் பிறகு அட்டையில் பாதத்தை வரைந்து வெட்டுவார்கள். பொது அலகு ஏன் வேண்டும் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. அளவுகோலைக் கையில் கொடுக்கும்போது அது அவர்களே கேட்டு வாங்கிய பொருளாகிவிடுகிறது.

இதில் கணக்கு எங்கே முடிகிறது, மொழி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. எண்ணினார்கள், வாதாடினார்கள், விட்டுக்கொடுத்தார்கள், குனிந்து நிமிர்ந்தார்கள், வெட்டினார்கள். அறிவுக்கு ஒரு பீரியட், உடலுக்கு ஒரு பீரியட், பண்புக்கு ஒரு பீரியட் என்று பிரித்துக் கொடுப்பது நிர்வாக வசதிக்காக நாம் செய்துகொண்ட ஏற்பாடு. குழந்தை முழுதாகத்தான் வகுப்புக்கு வருகிறது.

அந்த அட்டை வெட்டும் வேளையில் கண்ணில் பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். கைவேலையில் சுத்தமில்லை என்று பெயர் வாங்கிய ஒரு சிறுமி அட்டையைக் கிட்டத்தட்ட கிழித்துக்கொண்டிருந்தாள். இடக்கைப் பழக்கக்காரி. வழக்கமான கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். கை கொடுக்கும் அழுத்தமும் இரண்டு அலகுகளையும் விலக்கிவிடும். இடக்கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் வந்ததும் கோடு பிசகாமல் வெட்டினாள். நோட்டுப் புத்தகத்தில் இது தெரிந்திருக்காது. விதவிதமான செயல்பாடுகளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் குழந்தை கற்பது ஒரு காரணம் என்றால், குழந்தையை நான் கற்பது மறு காரணம். பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால் நின்றால் மட்டும் குரல் உயரும் குழந்தைகள் உண்டு. ஒரே அளவு தண்ணீரை அகலக் கிண்ணத்திலிருந்து உயரக் குவளைக்கு ஊற்றினால் "இப்போது அதிகமாகிவிட்டது" என்று சத்தியம் செய்யும் ஆறு வயதுக்காரர்கள் உண்டு. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே விவரித்த அந்தக் கட்டத்தைக் கண்ணெதிரே பார்த்த பிறகு, அந்தக் குழந்தையைக் கவனக்குறைவு என்று திட்ட மனம் வராது.

செயல்பாடு என்ற பெயரில் நடப்பதெல்லாம் செயல்பாடு ஆகிவிடாது. ஆசிரியர் வெட்டித் தந்த ஒரே வண்ணத்துப்பூச்சிக்கு நாற்பது பேரும் ஒரே நிறம் தீட்டினால், அதில் குழந்தைக்கு முடிவெடுக்க என்ன இருக்கிறது? கண்காட்சிக்கு வரும் மாதிரிகளில் அப்பாவின் கைவண்ணம் தூரத்திலிருந்தே தெரிகிறது. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசைக்கு எப்போதும் அதே முகங்கள்தான். இவற்றில் சிரமம் இருக்கிறது, பகட்டும் இருக்கிறது, குழந்தை மட்டும் இல்லை. அதே சமயம், எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிட வேண்டும் என்பவர்களோடும் நான் ஒத்துப்போவதில்லை. வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும். மூன்று சுழி 'ண'வுக்கும் இரண்டு சுழி 'ன'வுக்கும் கை பழக வேண்டும். மாண்டிசோரி முறையின் உப்புத்தாள் எழுத்துகளைப் போல விரலால் தடவிப் பழகலாம். ஆனாலும் திரும்பத் திரும்பச் செய்வதற்கு மாற்று கிடையாது.

எனக்கு மிகவும் உறுத்துவது ஒரு தண்டனை. உட்கார முடியாமல் நெளிகிற பையனை, "இன்றைக்கு நீ விளையாடப் போகக்கூடாது" என்று வகுப்பிலேயே நிறுத்திவைப்பது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாருக்கு அது அதிகம் தேவையோ அவனிடமிருந்தே அதைப் பறிக்கிறோம். அடுத்த பீரியடில் அவன் இன்னும் நெளிவான்.

மதிப்பெண் பட்டியலில் 'பிற திறன்கள்' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதுவதை நான் விட்டு வெகுநாளாகிறது. அதற்குப் பதில் பார்த்ததை ஒரு வரியில் எழுதுகிறேன்: 'தோற்ற அணியை அழைத்து மறுபடி ஆட வைத்தான்', 'இடக்கைக் கத்தரிக்கோல் கொடுக்கவும்'. "இதற்கு எத்தனை மதிப்பெண் டீச்சர்?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிடுவேன். அந்த வரிகளின் நகல் ஒன்று அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் போகிறது. முதல் வாரத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது, யாரை முதலில் பேசச் சொல்வது என்பதற்கு அவருக்கு மதிப்பெண்ணைவிட அதுதான் உதவுகிறது.