சாம்பல் புதன்: ஏன் புதன், எந்தச் சாம்பல்

கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்பார்கள், சீர்திருத்த சபையார் சாம்பல் புதன் என்பார்கள். விபூதிப் புதன் என்ற வழக்கும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் அன்றுதான் தொடங்கும், நெற்றியில் சாம்பல் இடுவார்கள். 2026இல் அது பிப்ரவரி 18. சாம்பல் சரி, ஏன் புதன்?

எல்லாம் கணக்குதான். இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்தது 40 நாள், அதனால் தவக்கால நோன்பும் 40 நாள். ஈஸ்டருக்கு முந்தைய ஆறு வாரத்தை எடுத்தால் 42 நாள் வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது. ஆறு ஞாயிறு போனால் மிச்சம் 36. குறைகிற நான்கை ஈடுகட்ட முந்தின வாரத்துப் புதன் முதல் சனி வரை சேர்த்துக்கொண்டார்கள். மிலான் நகரின் அம்புரோசிய வழிபாட்டு முறை இந்த நான்கைச் சேர்க்கவில்லை. அங்கே தவக்காலம் ஞாயிறன்றே தொடங்கும். கேரளத்து சீரோ மலபார் சபையில் புதனுக்குப் பதில் விபூதித் திங்கள்.

சாம்பல் விவிலியத்துப் பழக்கம். இறைவாக்கினர் யோனா மனம் மாறச் சொன்னதைக் கேட்டு நினிவே அரசன் இரட்டு எனும் சாக்குத்துணி உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். தொடக்கத்தில், வெளிப்படையாகத் தவம் ஏற்ற பாவிகளுக்குத்தான் திருச்சபை சாம்பல் இட்டது. 1091இல் இத்தாலியின் பெனவெந்தோவில் கூடிய திருச்சபைச் சங்கம், திருத்தந்தை இரண்டாம் உர்பான் காலத்தில், குருக்களுக்கும் பொதுமக்களுக்கும் அதைப் பொதுவாக்கியது.

போன வருடம் குருத்து ஞாயிறன்று கோவிலில் தந்த குருத்தோலைதான் இந்த வருடச் சாம்பல். வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்த ஓலையை முந்தின ஞாயிறே கோவிலில் சேர்த்துவிடுவது நல்லது. தென்னங்குருத்து என்றால் ஈர்க்கை உருவிவிட வேண்டும். அதன் கரித்துண்டு நெற்றியைக் கீறும். நன்கு காய்ந்த ஓலையை இரும்புச் சட்டியில் எரிக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றினால் நாற்றம் போகவே போகாது. வெள்ளையாகும்வரை எரித்தால் நெற்றியில் தெரியாது, கருகிய பதத்தில் நிறுத்தி, ஆறியதும் இடித்து மெல்லிய துணியில் சலிக்க வேண்டும்.

பலரும் தவறுவது குழைக்கும்போதுதான். சாம்பலில் தண்ணீரை ஊற்றிக் குழம்பாக்கினால் அதிலுள்ள பொட்டாசியம் உப்பு கரைந்து காரமாகும். தோல் வெந்து புண்ணாகலாம். குரு சாம்பலை மந்திரிக்கும்போது (ஆசீர்வதிக்கும்போது) தெளிக்கும் தீர்த்தம் சில துளி போதும். ஒட்டவில்லையென்றால் கொஞ்சம் ஒலிவ எண்ணெய் விடலாம். ரோமில் இந்தத் தொல்லையே இல்லை: உலர்ந்த சாம்பலை உச்சந்தலையில் தூவிவிடுவார்கள்.

அன்று கத்தோலிக்கருக்கு ஒருசந்தி: 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை சிறிதளவு. புலால் தவிர்ப்பதோ 14 வயது நிறைந்த எல்லோருக்கும். அதற்கு மேல்வரம்பு கிடையாது.